மருதாணி போடப் பழக: முதலில் கோன், பிறகு கோடு, கடைசியில் டிசைன்

மருதாணி போடப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியில் கால் வைத்துத்தான் தொடங்குகிறார்கள். கை நிறையப் பூவும் கொடியுமாக ஒரு படத்தைப் பார்த்து, அதை அப்படியே யாராவது ஒருவர் கையில் இறக்கப் பார்க்கிறார்கள். கோடு நடுங்குகிறது, முனை அடைத்துக்கொள்கிறது, வளைவு திரும்பும் இடத்தில் விழுது குவிகிறது. "எனக்குக் கை வராது" என்று கோனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அங்கே கை குற்றவாளியே அல்ல. விழுது கட்டியாக இருந்திருக்கும், அல்லது கோன் தளர்ந்திருக்கும். படம் வரையவே வராதவர்கள்கூட அழகாக மருதாணி போடுகிறார்கள். வேண்டியது எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று விரலுக்கு வருகிற ஒரு பழக்கம்தான். விழுதும் கோனும் ஒத்துழைத்தால்தான் அந்தப் பழக்கம் வரும் என்பதால் அவற்றை முதலில் பார்ப்போம்.

பொடி

தலைமுடிக்கென்று விற்கும் மருதாணிப் பொடி இதற்கு ஆகாது. அதன் அரைப்பு கொரகொரப்பு. நாரும் மணலும் கோன் முனையில் வந்து சிக்கும். கைக்கு வைப்பதற்கென்றே நைசாக அரைத்துச் சலித்த பொடியைத்தான் வாங்க வேண்டும். உறையின் பின்புறம் பொருட்பட்டியலைப் படியுங்கள். மருதாணி இலை, அதாவது லாசோனியா இனர்மிஸ், என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. நல்ல பொடி மங்கிய பச்சையாக, காய்ந்த புல்லின் வாசத்தோடு இருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் சாயம் சேர்த்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். பழுப்பேறியிருந்தால் பழைய சரக்கு. வாங்கியதைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் வீரியம் குறையாமல் இருக்கும்.

பச்சை இலையை அரைத்து வைத்தாலும் அருமையாகச் சிவக்கும். ஆனால் எவ்வளவு அரைத்தாலும் திப்பி நிற்கும், கோனில் வராது. விரல் நுனிக்குத் தொப்பி வைக்கவும் உள்ளங்கையில் வட்டம் வைக்கவும்தான் அது சரி.

"பத்து நிமிடத்தில் கருப்பு" என்று சொல்லிக்கொண்டு வருவதை மட்டும் தொடவே தொடாதீர்கள். மருதாணி இலையில் கருப்பு நிறம் கிடையாது. அந்தக் கருப்பு பெரும்பாலும் பாரா-ஃபீனைலீன்டையமீன் என்ற தலைச்சாய ரசாயனத்திலிருந்து வருவது. நேரடியாகத் தோலில் பட்டால் அது கொப்புளம் கிளப்பலாம், வடு விடலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்கு அது வாழ்நாள் முழுக்க நிற்கலாம். பிற்பாடு தலைக்குச் சாயம் அடிக்கும்போதும் முகம் வீங்கலாம். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் கோனும், மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாது என்று சொல்லப்படும் கோனும் இதே சந்தேகத்துக்கு உரியவைதான். கலப்படமில்லாத விழுது அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வீரியம் இழந்துவிடும்.

விழுது கலக்குவது

பழகுவதற்கு 25 கிராம் பொடி போதும். இதில் 100 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ விழுது வரும். மூன்று நான்கு கோன் நிரப்பலாம். அளவு இது: பொடி 25 கிராம், சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி, தைலம் ஒன்றரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 60 முதல் 75 மில்லி. பொடிக்குப் பொடி நீர் குடிக்கும் அளவு மாறும் என்பதால் சாற்றை மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள்.

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்துகொண்டால் பிறகு அளவைக் கூட்டிக் குறைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. லேசான புளிப்பில் ஊறும்போது அது மெல்ல வெளியே வந்து, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புளிப்புக்குத்தான் எலுமிச்சை. சாறு பட்டால் அரிக்கிற தோல் என்றால் வெறும் தண்ணீரில் கலக்கலாம், அதுவும் பிடிக்கும். சர்க்கரை விழுதுக்கு இழுவை கொடுக்கிறது, காய்ந்த பிறகு உதிராமல் தோலோடு பிடித்து வைக்கிறது. நிறத்தை ஆழமாக்குவது தைலம்: லாவண்டர், டீ ட்ரீ, கஜபுட் எண்ணெய்களில் ஒன்று. கடையில் விற்கும் வாசனைத் திரவியம் இந்த வேலையைச் செய்யாது. சுத்தமான தைலமாக இருக்க வேண்டும். கிராம்புத் தைலமும் நிறம் கூட்டும் என்று சிலர் சேர்ப்பார்கள். அது தோலை எரிக்கும், வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போடுவதாக இருந்தால் தைலத்தையே விட்டுவிடுங்கள், கொஞ்சம் வெளுப்பாகச் சிவந்தால் போகிறது.

பொடியைச் சலித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சர்க்கரையையும் தைலத்தையும் சேருங்கள். சாற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு, மசித்த உருளைக்கிழங்கு பதத்தில் நிறுத்துங்கள். இப்போதே இளக்கிவிடக் கூடாது, கெட்டியிலிருந்து தளர்த்துவது சுலபம், தளர்ந்ததைக் கெட்டியாக்குவது பெரும்பாடு. விழுதின் மேல்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பிளாஸ்டிக் தாளால் மூடி 8 முதல் 12 மணி நேரம் ஊற விடுங்கள். நல்ல வெக்கையில் 6 மணி நேரத்திலேயே தயாராகிவிடும். குளிரில் ஒரு நாள்கூட ஆகும். மேலே பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் சாயம் வெளிவரத் தொடங்கிவிட்டது. உறுதிசெய்ய ஒரு பொட்டு விழுதை உள்ளங்கையில் வைத்து 5 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். தெளிவான ஆரஞ்சுத் தடம் இருந்தால் தயார்.

இனி பதம். சொட்டுச் சொட்டாகச் சாறு விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாக அடித்துக் கலக்குங்கள். கரண்டியால் அள்ளித் தூக்கினால் விழுது நாடா போல இறங்க வேண்டும், சட்டென்று அறுந்து விழவும் கூடாது, தண்ணீராக ஓடவும் கூடாது. விழுந்த நாடா கிண்ணத்தில் இரண்டு மூன்று நொடி உருவம் மாறாமல் இருந்து பிறகு அமிழ்ந்தால் அதுதான் கோன் பதம். கடைசியாக மெல்லிய நைலான் துணியில், பழைய காலுறையாக இருந்தாலும் சரி, வைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலை விட்டுவிட்டுத்தான் முனை அடைக்கிறதென்று புலம்புகிறார்கள்.

கோன் சுருட்டுவது

பூக்கட்டுக் கடைகளில் சுற்றித் தரும் கொஞ்சம் தடித்த செலோபேன் தாள் போதும். சாப்பாட்டு மேல் சுற்றும் மெல்லிய தாள் நிற்காது. 18 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

1. நீளமான பக்கம் உங்களை நோக்கி இருக்கட்டும். அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளிதான் கோனின் கூர்முனை ஆகப்போகிறது.
2. அந்தப் புள்ளியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வலது கீழ் மூலையைப் பிடித்து உள்பக்கமாகச் சுருட்டுங்கள். முனை குண்டூசிக் கூர்மைக்கு வர வேண்டும்.
3. மீதித் தாளை அதன் மேலேயே இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றும்போது உள்மடிப்பை மேல்நோக்கி லேசாக இழுத்தால் முனை மூடிக்கொள்ளும், கீழ்நோக்கித் தள்ளினால் திறக்கும்.
4. ஓரத்தை மேலிருந்து கீழ்வரை டேப் ஒட்டி மூடுங்கள். முனைக்கு ஒரு செ.மீ. மேலே குறுக்காகவும் ஒரு சுற்று ஒட்டுங்கள். விழுது கசிவது அங்கேதான்.

விழுதைக் கோனில் மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்பி, மேலிருந்து தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு மூலைகளையும் உள்ளே மடக்கிப் பற்பசைக் குழாயைச் சுருட்டுவது போலக் கீழ்நோக்கி மடித்து டேப் போடுங்கள். நிரம்பிய கோன் தொட்டால் விண்ணென்று இருக்க வேண்டும். தளர்ந்த கோனில் விழுது வர விரலை இறுக்க வேண்டியிருக்கும், இறுக்கின விரல் நடுங்கும், நடுக்கம் கோட்டில் தெரியும். விழுது குறையக் குறைய மேலே மடித்துக்கொண்டே வாருங்கள்.

முனையில் துளை பெரியதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் வெட்டும்போது மயிரிழை அளவில் தொடங்கி, வராவிட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். வெட்டு நேராக இல்லாமல் சாய்ந்துபோனால் விழுது ஒரு பக்கமாகச் சுருண்டு வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் அரை மில்லிமீட்டர் துளையில் பழக ஆசைப்படுகிறார்கள். மெல்லிய கோடு ஒவ்வொரு தடுமாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும், அடிக்கடி அடைக்கவும் செய்யும். ஒரு மில்லிமீட்டரில் தொடங்கிப் பிறகு மெலிதுக்குப் போகலாம்.

உபயோகிக்காத கோன்களை உடனே ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டும். சில மாதங்கள் அங்கே நன்றாக இருக்கும். வெளியே எடுத்தால் அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும்.

கோடு

இங்கேதான் நேரம் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

பேனா பிடிக்கிற பிடியில் கோனைப் பிடிக்கக் கூடாது. பேனா தாளைத் தொட்டுத்தான் எழுதும். கோட்டை இழுத்துச் செல்லும்போது கோன் முனை தோலைத் தொடக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் மேலே நின்றபடி விழுதை இறக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோனின் மேல்பாதியில் இருக்கட்டும். அழுத்தம் கட்டைவிரலுடையது. சுண்டுவிரலைத் தளத்தில் ஊன்றிக்கொண்டால் கை தாங்கும். கோன் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இருந்தால் விழுது வழுக்கிக்கொண்டு வரும்.

ஒரு கோடு என்பது மூன்று செயல். முனையைத் தளத்தில் தொட்டு அழுத்தத் தொடங்குங்கள், விழுது ஒட்டிக்கொள்ளும். உடனே கொஞ்சம் தூக்கி, வெளிவரும் இழையைக் காற்றில் தொங்கவிட்டு, போக வேண்டிய இடத்துக்கு இழுத்துச் செல்லுங்கள். முடிக்க வேண்டிய இடத்துக்கு அரை செ.மீ. முன்பே அழுத்துவதை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இழையைக் கொண்டுபோய் முனையால் தொட்டு முடியுங்கள். அழுத்தத்தைக் கடைசிவரை விடாதவர்களுக்கு ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு குண்டு விழும். பார்வை முனையின் மேல் இருக்கக் கூடாது. கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவர் முன்சக்கரத்தைப் பார்ப்பதில்லை அல்லவா, அதே கணக்குதான்.

பழகக் கையைத் தேட வேண்டாம். ஒரு தாளில் பேனாவால் கோடுகளையும் வளைவுகளையும் வரைந்து, அதைக் கண்ணாடிப் பலகைக்கோ தடித்த பிளாஸ்டிக் உறைக்கோ அடியில் வையுங்கள். அதன் மேலே விழுதால் வரையுங்கள். முடிந்ததும் பிளாஸ்டிக் அட்டையால் வழித்துக் கோனிலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம், பயிற்சிக்கு அது போதும், கைக்கு வைக்க மட்டும் புதிது. தினம் 20 நிமிடம் போட்டாலே போதும். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது கையில் சீக்கிரம் நிற்கும்.

முதலில் நேர்கோடுகள், 5 செ.மீ. நீளத்தில், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இணையாக. அடுத்து ஒரே அளவில் புள்ளிகள் வரிசையாக: அழுத்து, நிறுத்து, நேராகத் தூக்கு. புள்ளியில் வால் நீண்டால் அழுத்தம் நிற்பதற்கு முன் தூக்கியிருக்கிறீர்கள். அந்த வாலையே ஒரு பக்கமாக வேண்டுமென்று இழுத்தால் துளி வடிவம் ஆகிவிடும். பூவிதழும் இலையும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. அதற்குப் பின் அரைவட்டங்களை அடுத்தடுத்து வைத்து அலைவரிசை, அதன் மேல் ஒவ்வொரு அலைக்கும் நடுவில் ஒரு புள்ளி. கடைசியில் சுருள். சுருளை உள்ளிருந்து வெளியே சுற்றினால் இடம் பத்தாமல் திண்டாட வேண்டி வராது.

கோணலான கோட்டைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். பக்கத்தில் வேறொரு கோடு வந்ததும் கண்ணுக்கு அது தெரியாமல் போகும். தனிக் கோட்டில் தெரிகிற தவறு டிசைனில் மறைந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

வடிவங்களைக் கோப்பது

எத்தனை அடர்த்தியான டிசைனும் அரை டஜன் வடிவங்களின் கூட்டுத்தான்: பூ, இலை, கொடி, மாங்காய், அலைவரிசை, வலை. ஒரு டிசைனைக் காப்பியடிக்கும் முன் அதைப் பிரித்துப் பாருங்கள். பெரிய பூ எங்கே, கொடி எந்தப் பக்கம் போகிறது, இடைவெளியை எது நிரப்புகிறது என்று பென்சிலால் மூன்று நிமிடம் கிறுக்கினாலே டிசைனின் எலும்பு தெரிந்துவிடும்.

பூவுக்கு ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்தின் மேல் ஐந்து முதல் எட்டு அரைவட்டங்கள். ஒரு பக்கமிருந்து சுற்றிக்கொண்டே வந்தால் கடைசி இதழ் ஒல்லியாகிவிடும். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கை முதலில் வைத்துவிட்டு இடையில் நிரப்புவதுதான் பாதுகாப்பு. கோலத்தில் புள்ளி வைத்த பிறகு இழை இழுப்பது போலத்தான் இதுவும். கொடிக்கு நீளமாக ஒரு 'S' போன்ற வளைவு. அதன் வயிற்றுப் பக்கங்களில் மாற்றி மாற்றி இலை. மாங்காய்க்கு ஒரு துளியின் வாலை ஒருபுறம் சாய்த்து வெளிக்கோடு தடிமனாகவும் உள்கோடு மெல்லிசாகவும் இரண்டு சுற்று. தடிமன் வேண்டிய இடத்தில் துளையை மாற்றத் தேவையில்லை, அழுத்தத்தைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால் கோடு தடிக்கும்.

கையில் முதன்முறை போடும்போது மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல்வரை குறுக்கே சாய்ந்து போகும் ஒரே கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பூவை உள்ளங்கையின் நடுவில் வைத்து அதிலிருந்து இருபுறமும் கொடி விடலாம், சமச்சீர் இல்லாததால் தவறு தெரியாது. நடுவில் வட்டம் வைத்துச் சுற்றிச் சுற்றிச் செல்லும் டிசைன் பார்க்க எளிது, போடக் கடினம். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கண்ணுக்குத் தெரியும். பெரிய வடிவங்களையெல்லாம் முதலில் வைத்துவிட்டு, நுணுக்கத்தைப் பிறகு போடுங்கள். வெற்றிடத்தை நிரப்பியே தீர வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். வெளியாக விட்ட தோல்தான் டிசைனை எடுத்துக்காட்டுகிறது.

கையில் வைப்பது

முன்கூட்டியே இன்னொரு வேலை உண்டு. விழுதை முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மருதாணி ஆபத்து. ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம், கைக்குழந்தைகளுக்கு இதன் விளைவு மிகக் கடுமை. அந்தக் குறைபாடு உண்டா என்று தெரியாத குழந்தைக்கு வைக்காமல் இருப்பதே நல்லது. காயம், சொறி, படை உள்ள இடத்திலும் வேண்டாம்.

மருதாணி வைத்துக்கொள்பவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கட்டும். கிரீமோ எண்ணெயோ படிந்திருந்தால் சாயம் தோலை எட்டாது. அவர் கையைத் தலையணை மேல் தாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காற்றில் பிடித்தபடி பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் ஆடாமல் இருக்க முடியாது. புறங்கையில் போடும்போது விரல்கள் இயல்பாக இருக்கட்டும், முட்டி மடக்கிப் பிடித்து வரைந்தால் விரித்த பிறகு டிசைன் கோணிப்போகும். உங்கள் கை தேய்க்காத திசையிலிருந்து தொடங்குங்கள்: வலது கைக்காரர் இடப்பக்கத்திலிருந்து. மடியில் ஈரத் துணி, குண்டூசி, காது குடையும் பஞ்சுக்குச்சி, முனை துடைக்கத் திசுத்தாள் இருக்கட்டும். ஒவ்வொரு சில கோட்டுக்கும் ஒருமுறை முனையைத் துடைத்தால் முனையில் காய்ந்த துளி கோட்டைச் சுருட்டாது. தவறு விழுந்தால் ஈரப் பஞ்சுக்குச்சியால் உடனே எடுத்துவிட வேண்டும். உள்ளங்கையில் ஒரு நிமிடம் தாமதித்தாலே மஞ்சள் தடம் நின்றுவிடும், அங்கே ஓர் இலை போட்டு மூடிவிடுவதுதான் வழி.

சிவக்க வைப்பது

விழுது தோலில் கிடக்கும் நேரம்தான் நிறம். 4 மணி நேரம் குறைந்தபட்சம். 6 முதல் 8 மணி நேரம் இருந்தால் ஆழமாகும். மேல்பரப்பு காய 20, 30 நிமிடம் ஆகும். அதன் பிறகு, உதிராமல் இருக்க, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் 1 தேக்கரண்டி சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றிக்கொடுக்கலாம். நனைய நனையத் தடவினால் சாயம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும், மெல்ல ஒற்றினால் போதும். சூட்டில் நிறம் கூடும் என்பதால் குளிர்ந்த கை வெளிறிப் போகும்.

எடுக்கும்போது தண்ணீர் தொடக் கூடாது. மழுங்கிய ஓரத்தால் சுரண்டி, தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுங்கள். அடுத்த 12 மணி நேரமாவது தண்ணீர் படாமல் இருக்கட்டும், முடிந்தால் ஒரு நாள். சுரண்டியதும் வெறும் ஆரஞ்சாகத் தெரிந்து முகம் வாடிப்போகிறார்கள் பலர். அது அப்படித்தான், காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் நடக்க 24 முதல் 48 மணி நேரம் ஆகும், பழுப்புச் சிவப்பாகும் வரை பொறுக்க வேண்டும். தோல் தடித்த உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் மிகவும் சிவக்கும். புறங்கை அதைவிடக் குறைவு, முன்கை இன்னும் குறைவு. ஒரே விழுதுதானே என்று விழுதைத் திட்டாதீர்கள். மேல்தோல் உதிர உதிர நிறமும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் மங்கிவிடும்.

கோளாறும் காரணமும்

கோடு நெளிந்து சுருள்கிறதா? முனையில் காய்ந்த விழுது ஒட்டியிருக்கிறது, அல்லது வெட்டு சாய்ந்திருக்கிறது. துண்டு துண்டாக அறுகிறதா? கையின் வேகம் அதிகம், இல்லையென்றால் கோனுக்குள் காற்றுக் குமிழி. கோனை மேலிருந்து தட்டிவிட்டு முனையை நோக்கி அழுத்தித் தள்ளுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் முனையில் குண்டூசியை நுழைத்துப் பாருங்கள். குண்டூசி நுழைத்தும் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டல் சரியில்லை, அந்த விழுதைக் கிண்ணத்தில் பிழிந்து மறுபடி வடிகட்டியே தீர வேண்டும்.

போட்ட கோடு தட்டையாகப் பரவி ஒட்டிப்போனால் விழுது தண்ணி. கொஞ்சம் பொடி சேர்க்கலாம், ஆனால் புதுப் பொடி ஊற இன்னும் சில மணி நேரம் கொடுக்க வேண்டும். காய்ந்ததும் பொருபொருவென்று உதிர்ந்தால் சர்க்கரை போதவில்லை. பல மணி நேரம் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லையென்றால் சர்க்கரை அதிகம், மழைக்கால ஈரத்தில் இது இன்னும் மோசமாகும். கோட்டின் ஓரம் புகைபோல மங்கினால் தைலத்தைக் குறையுங்கள்.

நிறமே பிடிக்கவில்லையென்றால் பொடியைச் சந்தேகிப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில: விழுது போதுமான நேரம் ஊறாமல் போனதா, ஊறி முடிந்து இரண்டு நாள் வெளியே கிடந்ததா, கையில் கிரீம் இருந்ததா, இரண்டு மணி நேரத்திலேயே கழுவிவிட்டார்களா. நான்கிற்கும் "இல்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தோம்" என்றால் மட்டும் வேறு பொடி வாங்குங்கள்.